நெய்தல் நிலத்து விருந்தும் ஜப்பானியச் சோறும்

உணவைப் பற்றி எழுதுவது தமிழாசிரியர்க்கு அழகன்று என்று கருதுவோர் நம் துறையிலேயே சிலர் உளர். மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவர்களிடம் பொருளைச் சொன்னபோது அவர்கள் முகத்திலும் ஒரு குறுநகை தோன்றி மறைந்தது. ஆயினும் ஆற்றுப்படை நூல்களைப் பாடம் சொல்லும் எவரும் சோற்றைப் பற்றிப் பேசாமல் அவ்வகுப்பை முடித்துவிட இயலாது. பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்கு வழி கூறுகிறான். வழி திணை திணையாக விரிகிறது. ஒவ்வொரு திணையிலும் அங்கு வாழ்வோர் எதை உண்டு வாழ்கின்றனரோ அதையே வந்தவர்க்கும் இடுகின்றனர். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்து நெய்தல் மக்களிடம் கிடைப்பது சுட்ட குழல்மீன். வேலூர் எயினரிடம் புளியிட்ட சூடான சோறும் ஆமான் இறைச்சியும். மருத நிலத்து உழவரிடம் வெண்சோறும் நண்டும். பாணன் கேட்டுப் பெற்றவை அல்ல இவை. இடப்பட்டதைக் கண்டு அவன் முகம் சுளித்ததாக அந்நூலில் ஒரு குறிப்பும் இல்லை.

வழிச்செல்வோர் உணவில் ஏமாற்றம் அடைவது பிற்காலத்து நோய் என்றே நாம் கருதுகிறோம். அந்நோய்க்கு அரசு மட்டத்தில் மருந்து தேடிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டு வேளாண்மை அமைச்சராக இருந்த மட்சுவோகா தோசிகாட்சு, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பயணம் செய்தபோது ஒரு ஜப்பானிய உணவகத்திற்குள் நுழைந்தார். தாய்நாட்டுச் சுவையை நாடிச் சென்றவர்க்குக் கிடைத்த உணவுப் பட்டியலில் சுஷியும் கொரிய முறையில் சுட்ட மாட்டிறைச்சியும் அருகருகே இருந்தன. அமைச்சர் வெகுண்டார். அயல்நாடுகளில் ஜப்பானிய உணவகம் என்று பெயர்ப்பலகை மாட்டியவற்றுள் எவை மெய்யானவை எனத் தம் அரசே சான்றளிக்கும் திட்டம் ஒன்றை அவ்வாண்டின் இறுதியில் அவருடைய அமைச்சகம் முன்வைத்தது. வெளிநாட்டு இதழ்கள் அதனைச் ‘சுஷி போலீஸ்’ என்று எள்ளி நகையாடின. திட்டம் பின்னர் மென்மையாகி, அரசின் கெடுபிடி நீங்கிய பரிந்துரை அளவில் நின்றது.

அமைச்சரின் சினத்தை நாம் எள்ள மாட்டோம். அதன் காரணம் நமக்கு ஓரளவு தெரியும். 2018ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஒரு கருத்தரங்கிற்குச் சென்றிருந்த நாமும் உடன் வந்த பேராசிரியர் இருவரும் ஓர் அங்காடி வளாகத்தில் இருந்த ஜப்பானிய உணவகத்தில் ஒரு வேளை உண்டோம். உணவகத்தின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. சுவரில் ஹலால் சான்றிதழ் சட்டமிடப்பட்டுத் தொங்கியது. மிரின் என்னும் இனிப்பு அரிசி மதுவும் சாக்கே என்னும் மதுவும் ஜப்பானியச் சமையலில் சாதாரணமாகப் புழங்குபவை. நூடுல்ஸ் வகைகள் சிலவற்றில் பன்றியெலும்புச் சாறும் உண்டு. ஆகவே சான்றிதழைக் கண்ட பின்னரே நம்மவர் உள்ளே நுழைய முடியும். வாயிலில் ஒரு கண்ணாடிப் பேழை இருந்தது. அதனுள்ளே நெகிழியால் செய்த மாதிரி உணவுகள்: பளபளக்கும் இறால், இதழிதழாக விரிந்த மீன்துண்டு, ஆவி பறப்பது போலவே தோன்றிய சாற்றுக் கிண்ணம். அக்கைவினையைப் பாராட்டாமல் இருக்க இயலாது. அன்றைய வேளையில் பாராட்டத் தக்கதாக அமைந்தது அது ஒன்றே.

சுஷிச் சோறு உடம்பின் வெதுவெதுப்போடு இருக்க வேண்டும் என்பர். எமக்கு வந்த சோறு குளிர்பதனப் பெட்டியின் விறைப்போடு வந்தது. பல்லுக்கு அரிசியாகவே பட்டது. அதன்மேல் கிடந்த மீன் சால்மன். வடகடல் மீனாகிய இதைப் பச்சையாக உண்ணும் வழக்கம் ஜப்பானியரிடமே பழமையானதன்று. 1980களில் நார்வே நாட்டார் தம் பண்ணை மீனை விற்கும் பொருட்டு முயன்று பரப்பிய வழக்கம் அது. ‘வசாபி’ என்று பச்சை நிறத்தில் வைத்தது, உலகின் பெரும்பாலான கடைகளில் உள்ளது போலவே, ஐரோப்பியக் காரக்கிழங்கிற்குச் சாயமேற்றியது. மிசோ என்பது சோயா மொச்சையைப் புளிக்க வைத்து ஆக்கும் விழுது. அதைக் கரைத்த சாறு அந்நாட்டார்க்கு நம் இரசம் போல அன்றாட உணவு. எமக்கு வந்த கிண்ணத்திலோ உப்பும் அஜினமோட்டோவும் தவிர வேறு சுவை ஏதும் நாவில் தங்கவில்லை. இச்சாறு எதிலிருந்து இறக்கப்பட்டது என்று பரிமாறிய இளைஞரை வினவினோம். அவர் உள்ளே சென்று ஓர் உறையைக் கொண்டுவந்து எம் முன் வைத்தார். நேர்மையான விடைதான்! பொடியின் பகுதிகள் யாவும் அதில் அச்சிடப்பட்டிருந்தன. மூவரும் அவ்வேளைக்குக் கொடுத்த தொகையைக் கொண்டு மீஞ்சூரில் ஒரு குடும்பத்திற்கு ஒரு மாத மீன் வாங்கலாம் என்று உடன் வந்தவர் கணக்கிட்டுச் சொன்னார். அவர் பொருளியல் துறையினர்.

அந்த உறையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஜப்பானியச் சாற்றின் உயிர் இரண்டு பொருள்களில் உள்ளது. ஒன்று கொம்பு எனப்படும் கடற்பாசி. மற்றொன்று கட்சுவோபுஷி என்னும் உலர்மீன். 1908இல் இக்கேதா கிக்குனே என்னும் வேதியியல் பேராசிரியர் கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தறிந்து, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கிலும் அடங்காத அச்சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே அது அஜினமோட்டோ என்னும் பெயரில் பொடியாகக் கடைக்கு வந்தது. பாசியைத் தேடிக் கடலுக்குச் செல்லாமலே பாசியின் சுவை வந்துவிட்டது. நம் ஊர்த் துரித உணவுக் கடைகளில் ஒரு கை அள்ளிப் போடப்படுவதும் அதே பொடிதான். எனவே சிங்கப்பூரில் எம் நாவில் பட்டது ஜப்பானியச் சுவையா, மீஞ்சூர்ப் பேருந்து நிறுத்தத்துத் தள்ளுவண்டிச் சுவையா என ஐயுற நேர்ந்ததில் வியப்பில்லை.

மற்றப் பொருளாகிய கட்சுவோபுஷி நமக்கு இன்னும் நெருக்கமானது. சூரை இனத்து மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டை போல் இறுகும்வரை உலர்த்திச் செய்யும் பொருள் அது. இவ்வரிகளைப் படிக்கும் காயல்பட்டினத்து, கீழக்கரைப் பெருமக்களுக்கு உடனே ஒரு பெயர் நினைவுக்கு வரும்: மாசி. மாலத்தீவில் அதே மீன், ஏறக்குறைய அதே முறையில் பதப்படுத்தப்பட்டுத் தோணியேறி இலங்கைக்கும் நம் கரைக்கும் வந்தது. மாசிச் சம்பல் இல்லாத சகர் உணவு உண்டோ என்று கேட்கும் வீடுகளை நாம் அறிவோம். பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா இம்மீனைத் துண்டாக்கி, வேகவைத்து, ஓலைக் கூடையிலிட்டுப் புகையூட்டும் முறையைத் தம் பயண நூலில் குறித்துள்ளார். அது இந்தியாவிற்கும் சீனத்திற்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதையும் சொல்கிறார். அங்கிருந்து புறப்பட்டு இலங்கை வழியாக அவர் வந்து சேர்ந்தது நம் மஅபர் கரைக்கே. பெரும்பயணியாகிய அவர் சென்ற இடத்துச் சோற்றை உண்டார், உண்டதை எழுதினார். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எழுதவும் அவர் தயங்கியவர் அல்லர்.

ஆக, முறைப்படி இறக்கிய சாறு அன்று எமக்குக் கிடைத்திருப்பின், அதில் நம் கரையோர அடுக்களையின் மணத்தை நாம் இனங்கண்டிருப்போம். பொடி அவ்வாய்ப்பைப் பறித்தது. நம் ஏமாற்றத்தின் சாரம் இதுவே. அயல் உணவு அயலாக இருந்ததை நாம் குறைகூறவில்லை. எந்த நிலத்தோடும் ஒட்டாததாக அது இருந்தது என்பதே நம் குறை.

உடன் வந்த மற்றொருவர் வாங்கியது கறிச்சோறு. ஜப்பானியர் அதனைக் ‘கரே’ என்பர். பழுப்பு நிறத்தில் கூழாகத் தடித்து, இனிப்பு மேலோங்கி நின்ற அக்குழம்பைக் கண்டு அவர் பெருமூச்சு விட்டார். நமக்கோ சொல்லாராய்ச்சியில் நாட்டம் உண்டாயிற்று. நம் ‘கறி’ ஆங்கிலேயர் வாயில் புகுந்து, அவர்தம் நாட்டில் பொடியாகிப் புட்டியில் அடைபட்டு, மெய்ஜி காலத்தில் அவர்களோடு ஜப்பானில் இறங்கிற்று. அங்கே மாவு சேர்த்துத் தடிப்பாக்கும் ஆங்கில முறையிலேயே நிலைபெற்றது. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று நெடுங்காலம் வாதாடியவர் பேராசிரியர் ஓனோ சுசுமு. அவர் 2008இல் மறைந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பொற்கோ அவர்களோடு இணைந்து அவர் உழைத்ததை நம் துறையினர் அறிவர். நெல் வேளாண்மைச் சொற்களையும், பொங்கலையொட்டி ஜப்பானில் செம்பயற்றுக் கஞ்சி காய்ச்சும் வழக்கத்தையும் அவர் சான்றாக அடுக்கினார். மொழியியலார் பலர் அவர் முடிவை ஏற்கவில்லை. நாமும் அவ்வழக்கில் தீர்ப்புக் கூறும் தகுதி உடையோம் அல்லோம். ‘கரே’ மட்டும் உறவுச்சொல் அன்று, கப்பலேறிச் சென்ற சொல் என்பதில் ஐயமில்லை.

அக்குழம்பைக் கண்டு பெருமூச்சு விட்ட முதல் இந்தியர் நம் நண்பர் அல்லர். புரட்சியாளர் ராஷ் பிகாரி போஸ் 1915இல் ஜப்பானுக்குத் தப்பிச் சென்றபோது தோக்கியோவின் சிஞ்சுக்குப் பகுதியில் நகமுராயா என்னும் ரொட்டிக்கடைக் குடும்பத்தார் அவருக்கு அடைக்கலம் தந்தனர். அக்குடும்பத்து மகளையே அவர் பின்னர் மணந்தார். 1927இல் அக்கடை உணவகம் தொடங்கியபோது, ஜப்பானில் வழங்கிய கறி இந்தியக் கறி ஆகாது என்று கண்ட போஸ், எலும்போடு கூடிய கோழியும் மசாலாக்களும் இட்ட தம் நாட்டு முறையை அங்கே புகுத்தினார். பின்னாளில் இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கத்திற்கு உழைத்து, நம் மலேயாத் தமிழர் பலரை அதில் சேரச் செய்தவர் இவரே. அவருடைய கறி இன்றும் அங்கு விற்பனையாகிறது. ஓர் உணவு ஒரு மனிதரின் கையோடு கடல் கடந்தால் எப்படி வேர்விடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

வேண்டுமெனில் வட சென்னையிலேயே உண்டு. உறையைக் கொண்டுவந்து காட்டிய அந்த இளைஞர் பர்மா நாட்டவர். நாம் சென்னையைச் சேர்ந்தோர் என்று கூறி, எங்கள் ஊரில் ‘அத்தோ’ கிடைக்கும் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ‘அதொக்’ என்றால் பிசைந்து கலந்தது என்று அவர்தம் மொழியில் பொருளாம். 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, கடைகளும் தொழில்களும் நாட்டுடைமை ஆக்கப்பட்டபின், வெறுங்கையோடு கப்பலேறி வந்த நம் மக்கள் கொண்டுவந்த செல்வம் அது. பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் மாலையானால் இன்றும் காணலாம்: நூடுல்ஸ், முட்டைக்கோசு, பொரித்த வெங்காயம், புளிநீர், மிளகாய்த்தூள் யாவும் கையால் பிசையப்படுகின்றன, உடன் ஒரு கிண்ணம் வாழைத்தண்டுச் சாறு. பர்மாவில் மொய்ங்கா எனப்படும் அச்சாற்றின் அடிப்படை மீன். இங்குப் பல கடைகளில் மீன் மறைந்து தண்டு மட்டும் நிற்கிறது. மாறியிருக்கிறது என்றாலும் எவரையும் ஏமாற்றவில்லை. கடைக்காரரிடம் எதைக் கேட்டாலும் விடை அவரிடமே இருக்கும், உறையைத் தேடி உள்ளே செல்ல மாட்டார்.

எனவேதான் அமைச்சர் மட்சுவோகாவின் சான்றிதழில் நமக்கு நம்பிக்கை இல்லை. சான்றிதழ்க்கு ஒரு பயன் உண்டு. அதனை மறுப்போர் அல்லோம். விலக்கப்பட்டது இதில் இல்லை என்று அது உறுதி கூறும். நல்லது இதில் உண்டு என்று கூற அதனால் ஆகாது. ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லும் இணைந்து வழங்குவதை ஆலிம் பெருமக்கள் நமக்கு அடிக்கடி நினைவூட்டுவர். முன்னதைத் தேடும் நாம் பின்னதைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. சிங்கப்பூர் உணவகத்தில் முன்னது சுவரில் தொங்கியது; பின்னது அடுப்படிக்கே வரவில்லை. 2013இல் யுனெஸ்கோ ஜப்பானியர்தம் மரபு உணவு முறையைப் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலிட்டபோதும், அங்கீகரிக்கப்பட்டது தனித்தனிப் பண்டங்கள் அல்ல. பருவத்தையும் நிலத்தையும் அறிந்து உண்ணும் வழக்கமே. நம் ஐந்திணை மரபினர்க்கு இது புதிய செய்தியாகாது.

இனி நம் வாயிலுக்கு வருவோம். நாம் வாழும் வள்ளூர் மீஞ்சூருக்கும் அத்திப்பட்டுக்கும் இடைப்பட்டது. கொசத்தலையாற்றின் குறுக்கே வள்ளூர் அணைக்கட்டு இருந்து வயலுக்கு நீர் தந்த ஊர் என்பது முதியோர் அறிந்த அடையாளம். 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் உள்ள ஊர் என்பது இன்றைய அடையாளம். எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து 2010 முதல் நிசான் கார்கள் கப்பலேறின. மணலிப் பக்கத்தில் தோசிபா நிறுவனத்தார் மின்னாக்கத்திற்குரிய சுழலிகள் செய்யும் தொழிற்சாலை நிறுவினர். எனவே ஜப்பானியப் பொறியாளர் நம் பகுதிக்கு வந்து உண்பது அரிய நிகழ்ச்சியன்று. அவர் பயணியாக நெடுஞ்சாலை உணவகத்தில் அமர்ந்தால் அவர் முன் வைக்கப்படுவது யாது? பிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், சிவப்புச் சாயம் பூசிய கோழி. எண்ணூர்க் கழியின் மடவை இராது, கிழங்கான் இராது, நீரில் கையால் துழாவிப் பிடித்த இறாலும் இராது. அவர் தம் ஊருக்கு எழுதும் கடிதத்தில் சென்னைச் சோற்றைப் பற்றி என்ன எழுதுவார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. அதே அஜினமோட்டோ சுற்றி வந்து அவர் நாவிலேயே படுவதை நினைக்கையில் சிரிப்பும் வருகிறது.

உணவகத்தாரை மட்டும் குறைசொல்வதில் நீதியில்லை. நம் சமுதாயத் திருமண விருந்துகளிலும் அண்மைக் காலமாகப் பந்தலின் ஒரு மூலையில் ‘சைனீஸ்’ என்று பலகை வைத்து வாணலி புரட்டுகின்றனர். விருந்தினர் அங்கே வரிசையில் நிற்க, பழவேற்காட்டிலிருந்து வந்த நண்டு ஆறிக் கிடந்ததை நாம் நேரில் கண்டோம். பெரியோர் பொறுத்தருள்க. செலவு செய்வோர் தாமாகையால் இதைத் தம் முன் வைக்கிறோம்.

கழி மீனை வாங்கத் தயங்குவோர் காரணம் வைத்திருக்கின்றனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. மின்நிலையச் சாம்பற்கூழ் கழியில் கலந்த செய்தி பலமுறை வந்தது. 2017 ஜனவரி 28இல் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிக்குள்ளேயே புகுந்து படகையும் வலையையும் கறுப்பாக்கிற்று. மீனவப் பெண்கள் கூடையோடு வந்தால், ‘எந்த ஊர் மீன்?’ என்ற வினா முதலில் எழுகிறது. விலை பின்னரே பேசப்படுகிறது.

ஜப்பானியர்க்கு இவ்வினா புதிதன்று. ‘எதோமாயே’ என்பது அவர்கள் சுஷிக்கு வழங்கும் பழம்பெயர். எதோ என்பது தோக்கியோவின் முன்னைப் பெயர். எதோவின் முன்னால் உள்ள கடலில் பிடித்தது என்பது அதன் பொருள். ஊர்முன்கடல் மீன் என்று நாம் தமிழில் சொல்லலாம். அத்தகைய நாட்டில்தான் 1956இல் மினமாத்தா விரிகுடாவின் மீனை உண்டோர்க்குக் கைகால் நடுங்கும் நோய் கண்டறியப்பட்டது. ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசமே அதன் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. விரிகுடாவின் மீன் வெளியேறாதபடி கட்டிய வலை 1997 வரை கடலில் நின்றது. ஊர்முன்கடலை இழந்தவர்க்கு நார்வே மீன் இறக்குமதியாகும்; எண்ணூர்க் கழியை இழந்தால் நமக்கும் எங்கிருந்தோ ஒரு மீன் பனிக்கட்டியில் வந்து சேரும். சோறு இராமற்போகாது. வந்தவர்க்கு இதுதான் எங்கள் நிலத்து உணவு என்று சொல்லி இடுவதற்கு மட்டும் ஒன்றும் இராது.

கழியைக் காக்கும் பணி வழக்குமன்றத்திலும் தெருவிலும் நடைபெறுகிறது. நெடுங்காலமாக அதற்கு உழைப்போர் அப்பகுதி மீனவரே. தமிழ்த்துறை செய்யக்கூடியது சிறியது. இக்கரையின் மீன்பெயர்களும் சமையற் சொற்களும் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. குழம்பு, அவியல், புட்டு, வறுவல் என்று நான்கு சொல்லோடு நகரத்தார் நிறுத்திக்கொள்வதைக் குப்பத்து மூதாட்டியர் எத்தனை பெயரிட்டு அழைக்கின்றனர் என்று கேட்டு எழுதினாலே ஒரு நூலாகும். இரண்டாமாண்டு மாணவர் அறுவர் காட்டுக்குப்பத்திற்கும் முகத்துவாரக்குப்பத்திற்கும் சென்றுவர இசைந்துள்ளனர். விடுமுறையில் பழவேற்காட்டுக்குச் செல்ல மாணவியர் சிலரும் முன்வந்துள்ளனர். வினாப்பட்டியலின் முதல் வினாவை மட்டும் நாம் எழுதிக் கொடுத்தோம். ஏனையவற்றை அவர்களே ஆக்கிக் கொள்வர். அவ்வினா பேச்சு வழக்கிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்: “வீட்டுக்கு அசலூர்க்காரங்க வந்தா, மொத நாளு என்ன கொழம்பு வெப்பீங்க?”